மெல்லினத்தில் முறியும் எலும்பு

தமிழ் அகராதி தொகுக்கும் பெரியவர்களுக்கு நெய்வேலி நகரியவாசி ஒருவனின் வணக்கம். அடுத்த பதிப்பில் சேர்க்க ஒரு சொல் அனுப்புகிறேன்: மாவுக்கட்டு.

‘அதுதான் இருக்கிறதே, எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுவது’ என்று கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். அது முதல் பொருள். டீக்கடையிலும் சலூனிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்று நடமாடுவது இரண்டாவது பொருள். “ரொம்ப ஆடுறான், சீக்கிரம் மாவுக்கட்டுதான் இவனுக்கு” என்று ஒருவர் சொன்னால், பையனுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைவு என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. சிரிக்கிறார்கள். ஆகவே பதிவு இப்படி இருக்கலாம்:

மாவுக்கட்டு, பெயர்ச்சொல். நீதிபதி விசாரிப்பதற்கு முன்பே நிறைவேற்றப்படும் தண்டனை. தந்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. பெற்றவர் தாமே தேடிப்போய் விழுந்து பெற்றதாகக் கொள்ளப்படும். உடன்வரும் சொற்கள்: தப்பியோட்டம், பாலம், கழிவறை, வழுக்கல்.

படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருபது வயதைத் தாண்டாத முகம். தலை குனிந்திருக்கும். வலது கை முழங்கை வரை வெள்ளை வெளேர் என்று இருக்கும், மாவு இன்னும் காய்ந்திருக்காது, கழுத்திலிருந்து துணியில் தொங்கும். சில நேரம் இடது காலும் சேர்ந்துகொள்ளும். பின்னால் நிற்கும் காவலர்களின் முகம் மட்டும் கேமராவுக்குத் தெரியாதபடி வெட்டப்பட்டிருக்கும். கீழே வாசகம்: போலீசாரைக் கண்டதும் தப்பியோட முயன்றபோது பாலத்திலிருந்து குதித்ததில் எலும்பு முறிந்தது. அதற்கும் கீழே கைதட்டும் பொம்மைகளும் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களும் வரிசை கட்டியிருக்கும்.

இந்தச் சொல்லின் இலக்கணம்தான் சுவையானது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தோம். கை முறிந்தது என்றால் தன்வினை. கையை முறித்தார் என்றால் பிறவினை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான். மெல்லின ‘ந்’ போட்டால் முறிந்தது. வல்லின ‘த்’ போட்டால் முறித்தது. வல்லினத்தில் வேலை பார்க்கும் நம் காவல்துறை, செய்திக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் மட்டும் மெல்லினத்துக்கு மாறிவிடுகிறது. கை முறிந்தது, கால் உடைந்தது, பல் பெயர்ந்தது, ஆள் சாய்ந்தது. முறித்தார், உடைத்தார், பெயர்த்தார், சாய்த்தார் என்று எழுதினால் எழுவாய் எங்கே என்று கேள்வி வந்துவிடும். எழுவாய்க்குப் பெயர் இருக்கும், பதவி இருக்கும், பணிப் பதிவேடு இருக்கும், ஓய்வூதியம் இருக்கும்.

கழிவறைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகள் உலகத்துப் பொறியாளர்கள் வந்து ஆராய வேண்டியவை. அங்கே புவியீர்ப்பு ஆளைப் பார்த்து வேலை செய்கிறது. ஆய்வாளர் போனால் வழுக்காது, ஏட்டையா போனால் வழுக்காது, குளித்துவிட்டு ஈரக் காலோடு வரும் ரைட்டர் போனாலும் வழுக்காது. சந்தேகத்தின் பேரில் அழைத்து வரப்பட்டவர் கால் வைத்தால் போதும். 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றமே இதைக் கேட்டது: கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீசார் விழ மாட்டார்களா என்று. கேள்வி பத்திரிகைகளில் வந்தது, நாமும் ரசித்துப் பகிர்ந்தோம். தரையை மாற்ற டெண்டர் விட்டதாகக்கூடச் செய்தி இல்லை.

மாவுக்கட்டை உலகுக்குத் தந்தவர் அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். 1850களின் தொடக்கத்தில், துணிப்பட்டியில் ஜிப்சம் மாவைத் தேய்த்து, நீரில் நனைத்து, முறிந்த உறுப்பைச் சுற்றிவிட்டால் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்று கண்டார். இறுகும்போது லேசாகச் சூடேறும்; கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும் அந்த வெதுவெதுப்பு. போர்க்களத்தில் கை கால்களை வெட்டி எறிந்துகொண்டிருந்த காலத்தில் எத்தனையோ சிப்பாய்களின் உறுப்புகளைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது. தன் மருந்து ஒருநாள் நோய்க்கே பெயராகிவிடும் என்று பாவம் அந்த மனிதர் நினைத்திருக்க மாட்டார்.

அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? 1855இல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்று அறிக்கை தந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் மக்களை என்னென்ன செய்தார்கள் என்பதற்கான அறிக்கை. அதில் இரண்டு தமிழ்ச் சொற்கள் கப்பலேறி லண்டன் போயின. ஒன்று கிட்டி: ஒரு முனையில் கட்டிய இரண்டு குச்சிகள், நடுவே விரல்கள், பிறகு அழுத்தம். இன்னொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்து, கழுத்துக்கும் கால்விரலுக்குமாகக் கயிற்றையோ அவன் வேட்டியையோ போட்டு இழுத்துக் கட்டி, வேண்டுமானால் முதுகில் ஒரு கல்லையும் ஏற்றிவைப்பது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்களும் இதைக் கையாண்டார்கள். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் அவர்களின் தனிச்சிறப்பு. கிட்டிக்கும் அண்ணாந்தாளுக்கும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இடம் உண்டு. அந்த அறிக்கையை வைத்து 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ல் மார்க்ஸ் கட்டுரையே எழுதினார். கமிஷன் கடைசியில் என்ன சொன்னது தெரியுமா? எல்லாம் சுதேசிக் கீழ்நிலை ஊழியர்கள் செய்தது, வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்கில்லை என்றது. 170 வருடத்தில் வெள்ளைக்கார என்ற சொல் மட்டும் கழன்று விழுந்திருக்கிறது. மீதி வாக்கியம் இன்றைக்கும் அப்படியே செல்லுபடியாகிறது.

சுதந்திர இந்தியா 1955இல் சட்டம் போட்டுக் கசையடித் தண்டனையை ஒழித்தது. மறு வருடம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. ஆக இந்த ஊரின் வயதில் எந்த நீதிமன்றமும் யாருக்கும் ஓர் அடி கூடத் தண்டனையாக விதிக்க முடிந்ததில்லை. கொலைகாரனுக்குத் தூக்கு விதிக்கலாம், ஆனால் முதுகில் பிரம்பால் ஒன்று வைக்கச் சொல்ல உச்சநீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் முழுவதும் நம் ஊர்க் காவல் நிலையத்தின் பின்னறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யார் மாற்றிக் கொடுத்தார்கள், எந்த அரசாணை? அரசாணை ஒன்றும் இல்லை. நாம்தான் கொடுத்தோம், சிரித்துச் சிரித்து.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைக்க வேண்டுமென்றால் பல பத்து மீட்டர் மேல்மண்ணை அள்ளி எறிய வேண்டும், ஊறும் நிலத்தடி நீரை ராப்பகலாக இறைக்க வேண்டும். செய்திக்குறிப்புகளின் மேல்மண்ணையும் அப்படித்தான் அள்ள வேண்டியிருக்கிறது. அள்ளினால் இந்த ஊரைச் சுற்றியே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம். 1993இல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டுச் சந்தேகத்தில் அந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். குறவர் சமூகத்தவர், திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதற்கு விசாரணை வேண்டியதில்லை. அடித்தார்கள். கணவர் எங்கே என்று மனைவி பார்வதி போய் நின்றபோது, தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். கவனியுங்கள், இங்கேயும் தன்வினை. தப்பி ஓடிய அந்த மனிதரின் உடல் பக்கத்து மாவட்டத்தில் மீன்சுருட்டிப் பகுதியில் கிடந்தது. செத்தவர் மாவட்டம் தாண்டி ஓடிய அதிசயத்தை விசாரிக்க ஓர் ஏழைப் பெண் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடினார். 2006இல் காவலர்களுக்கு ஆயுள் தண்டனை என்றது உயர்நீதிமன்றம். 13 ஆண்டு கழித்து ஒரு பிறவினை.

அந்தக் கதையை வைத்து 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தது. எங்கள் மாவட்டத்தில் என்ன பேசினோம்? லாக்கப்பைப் பற்றியா, லத்தியைப் பற்றியா? படத்தில் ஒரு சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றி. ஒரு மனிதனை அடித்துக் கொன்றதில் புண்படாத மனம், காலண்டரில் இருந்த சாதிச் சின்னமான கலசத்தைப் பார்த்துப் புண்பட்டது. வழக்கு, மிரட்டல், அறிக்கை என்று மாதக்கணக்கில் ஓடியது. பார்வதி அம்மாள் இன்னும் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறார் என்று அந்தச் சந்தடியில் யாரோ சிலருக்குத்தான் கேட்கத் தோன்றியது.

ஜெய் பீமுக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு இன்னொன்று. இது எங்கள் நகரியத்துக் காவல் நிலையமே. பண்ருட்டி அருகே காடாம்புலியூரைச் சேர்ந்த முந்திரி வியாபாரி ஒருவர். 2020 அக்டோபர் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப் போலீசார் திருட்டு வழக்கில் பிடித்தார்கள். போலீஸ் சொன்ன கைது தேதிக்கு முன்பே கொண்டுபோய்விட்டார்கள், அடித்துத் துன்புறுத்தினார்கள் என்றார் மனைவி. ரிமாண்டு ஆகி விருத்தாசலம் கிளைச் சிறைக்குப் போனவர் நவம்பர் 4ஆம் தேதி இறந்தார். உறவினர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று: அந்த வருடம் ஜூன் மாதம்தான், காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளத்துத் தந்தைக்கும் மகனுக்கும் நாடே அழுதிருந்தது. ஹேஷ்டேக் போட்டோம், மெழுகுவத்தி ஏற்றினோம். அந்த மெழுகு உறையும் முன் நம் வாசலிலேயே ஒருவர் போய்ச் சேர்ந்தார். டவுன்ஷிப்பில் அந்த வாரம் கேட்ட பேச்சு? “அவன் மேல பழைய கேஸ் ஏதாவது இருக்கும் சார்.” பழைய கேஸ் இருந்தால் எலும்பு மட்டமான எலும்பாகிவிடுமா? உயிர் செகண்ட் ஹாண்ட் உயிரா?

சாத்தான்குளம் தமிழுக்கு ஒரு சொல்லைத் திருப்பித் தந்தது. முதல் தகவல் அறிக்கையில் போலீசார் எழுதியிருந்தார்கள்: இருவரும் தரையில் உருண்டு புரண்டதில் ஊமைக்காயம் ஏற்பட்டது. எவ்வளவு நல்ல தமிழ்! ரத்தத்தில் நனைந்த லுங்கியை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்த காயத்துக்கு ஊமைக்காயம் என்று பெயர். காயம் ஊமையில்லை ஐயா. எழுதின கை கூசவில்லை, அவ்வளவுதான்.

மாவுக்கட்டுக்கு அண்ணன் தம்பி உறவில் இன்னும் சில சொற்கள் உண்டு. ‘லேசான தடியடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பது என்ற வினையே அதில் இல்லை. தடியடி ‘நடத்துகிறார்கள்’, கல்யாணம் நடத்துவது போல. லேசானது எது என்று அளக்க எந்தத் தராசு என்று தெரியவில்லை. வாங்கியவன் முதுகைக் கேட்டு எந்த நிருபரும் எழுதியதில்லை. 2014 மார்ச் 17ஆம் தேதி நெய்வேலி இரண்டாம் சுரங்க வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் செத்தார். கொதித்துத் திரண்ட சகத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது தடியடி. 2023 ஜூலை 26ஆம் தேதி வளையமாதேவியில் பரவனாறு வாய்க்கால் வெட்ட, கதிர் பிடிக்க இருந்த நெல் வயலில் மண்ணள்ளும் இயந்திரங்களை இறக்கினார்கள். இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர்நீதிமன்ற நீதிபதியே வேதனைப்பட்டார். இயந்திரங்கள் இறங்கி இரண்டு நாள் கழித்து நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் முற்றுகைப் போராட்டம், கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கி. அங்கே காவலர்களும் காயப்பட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் காவலர் காயத்தைச் செய்தியில் எப்படி எழுதினார்கள் என்று கவனித்தால் இலக்கணம் விளங்கும்: கல் வீசித் ‘தாக்கினர்’. செய்வினை, எழுவாயோடு. எதிர்ப்பக்கத்தில் மண்டை ‘உடைந்தது’. ஒரே மாலை, ஒரே சாலை, இரண்டு இலக்கணம்.

‘தர்ம அடி’ இன்னொரு சொல். பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தனர். அறம் பற்றி இரண்டாயிரம் வருடம் பேசிய மொழியில், நாற்பது பேர் சேர்ந்து கட்டிவைத்து ஒருவனை அடிப்பதற்குத் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குக் கிளம்பி வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று ஊரே திரண்டு அடித்துக் கொன்றது. அதே வருடம் பிப்ரவரியில் கேரளத்து அட்டப்பாடியில் அரிசி திருடினான் என்று மது என்ற பழங்குடி இளைஞரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்றார்கள், செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். தர்மத்தைப் படம் பிடிக்காமல் எப்படி விடுவது?

இதற்கெல்லாம் பயிற்சி எங்கே என்று கேட்டால் போலீஸ் பயிற்சிப் பள்ளியைக் காட்டாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே அப்பா கைகூப்பிச் சொல்கிறார்: “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்.” தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 2003இலேயே உடல் தண்டனையைத் தடைசெய்தாயிற்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் தடுக்கிறது. 2024இல் உயர்நீதிமன்றம் மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது. அப்பா மட்டும் இன்னும் கண்ணுக்குத்தான் விலக்குக் கேட்கிறார். பிரம்படி வாங்கினதால்தான் நாங்கள் ஆளானோம் என்று பெருமையடிக்கும் தலைமுறையைப் பார்த்தால், ஆளானதாகத் தெரியவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. மாவுக்கட்டுப் படத்துக்குக் கைதட்டுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

கைதட்டல் நிற்கும் நாளும் உண்டு. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி இளைஞர் ஒருவரை நகை காணாமல்போன புகாருக்காகத் தனிப்படைக் காவலர்கள் சீருடை இல்லாமல் கொண்டுபோய் அடித்தார்கள். செத்துப்போனார். உடலில் 44 காயம் என்றது பிரேதப் பரிசோதனை. அப்போது எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது, ஏனென்றால் அவர்மேல் முன்வழக்கு இல்லை, அம்மா அழுதது கேமராவில் தெரிந்தது. முதல்வர் தொலைபேசியில் அந்தத் தாயிடம் ‘சாரிம்மா’ என்றார். ஆளுங்கட்சி அந்தச் சாரியைப் பெருந்தன்மை என்றது, எதிர்க்கட்சிகள் அந்தச் சாரியை மேடை போட்டு விற்றன. எந்தக் கட்சி ஆண்டபோது எந்த லாக்கப்பில் யார் செத்தார் என்ற பட்டியலை இரு தரப்பும் மாறி மாறி வாசித்தன. இரண்டு பட்டியலுமே உண்மையாக இருந்ததுதான் கொடுமை. நல்லவன் செத்தால் அழுகிறோம், ‘கெட்டவன்’ கை உடைந்தால் சிரிக்கிறோம். அடிக்கிற கைக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? பின்னறைக்குள் போகும்போது எல்லோரும் சந்தேக நபர்தான். ரவுடிக்கு என்று நாம் கைதட்டி அனுமதித்த லத்திதான் கோயில் காவலாளி மேலும் முந்திரி வியாபாரி மேலும் இறங்கியது.

நாட்டின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்குப் போய்க் காலாவதியானது. காலாவதியானது, ஆக்கியவர் யார் என்று கேட்காதீர்கள், அங்கேயும் தன்வினைதான். ஆனால் இருக்கிற சட்டமே போதும் என்பதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை. எலும்பு முறிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் கொடுங்காயம். ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காக அதைச் செய்தால் 120ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. டி.கே.பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்கச் சொன்னது. 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. சட்டப்படி பார்த்தால் ஒவ்வொரு மாவுக்கட்டுப் படமும் ஒரு கொடுங்காயக் குற்றத்தின் சாட்சியம். காவல்துறையே எடுத்து, காவல்துறையே பத்திரிகைக்கு அனுப்பிவைக்கும் சாட்சியம்.

ஆகவே, அகராதிப் பெரியவர்களுக்கு எழுதும் சாக்கில் உங்களுக்கும் ஒரு வார்த்தை: பத்திரிகை நண்பர்களே, நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் செய்தி எழுதும் தம்பிமார்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தப் படமும் குறிப்பும் வாட்ஸ்அப்பில் வந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். எந்தப் பாலம், எத்தனை அடி உயரம், எத்தனை மணிக்குக் குதித்தார், உடன் ஓடிய காவலருக்குச் சிராய்ப்பாவது உண்டா, மருத்துவச் சான்று எங்கே, அன்றைய கேமராப் பதிவு எங்கே என்று கேளுங்கள். ரிமாண்டு செய்யும் மாஜிஸ்திரேட், எதிரே நிற்பவனின் கட்டைப் பார்த்து என்ன கேட்டார் என்றும் எழுதுங்கள். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்று எழுதுங்கள். முறிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.